சட்டம்

பழைய நீதிமன்றத்தை இடிக்கிறார்கள் என்றபடி
என் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினான் ஈவர்ட் ஹிமல்மன்.
பின்தட்டில் ஜன்னல் நிலைகள், பாதிப் படிக்கட்டு,
எல்லாவற்றுக்கும் அடியில்
நாலடி நீள ஓக் சட்டம்.
"சாட்சிக்கூண்டின் மேல்சட்டம், வெர்னா.
கத்திப்பிடிக்கு ஆகுமா பார்.
இருபது டாலரும்
ஒரு குடுவை புளித்த முட்டைக்கோசும் போதும்."

பார்க்கவே வேண்டாம்.
எனக்கு அதைத் தெரியும்.
அதற்கு என்னையும்.

தொண்ணூற்று மூன்று, மார்ச்.
காட் மீன் ஓய்ந்துபோய்
லஹேவ் ஆற்று முகத்தில்
காப்பீடு செய்த படகுகள்
தாமாகவே தீப்பற்றிக்கொண்ட குளிர்காலம் அது.
என் தம்பி கெர்வினின் படகும்
அப்படித்தான், தானாக.

"அன்றிரவு என் சமையலறையில் இருந்தான்.
ஹாடக் சூப் குடித்தான்" என்றேன்.
சூப் உண்மை.
தனியாகக் குடித்தேன்.
அரசு வக்கீல் திருப்பித் திருப்பி
மூன்று தடவை கேட்டார்.
பிடி கொடுக்கவில்லை.
கை மட்டும்
இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.
எனக்கு முன் எத்தனை பேரோ,
வார்னிஷ் தேய்ந்து, மரமும் தேய்ந்து,
கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்
தயாராக இருந்தது.

பட்டைரம்பத்தில் கொடுத்தேன்.
மூன்றாம் அங்குலத்தில் கிறீச்.
உள்ளே ஆணி.
சதுரத் தலை, கொல்லன் அடித்தது.
ரம்பத்தில் ஏழு பல் போயிற்று.
புதுப் பட்டை முப்பத்தெட்டு டாலர்.
பழைய மரம்
கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.
ஆணி இருக்கிறதா என்று
நான் கேட்கவில்லை.

ஆணியைச் சுற்றி
மை கொட்டினாற்போல் நீலக்கறுப்பு.
ஓக்கின் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் இப்படி ஆகும்.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
கறை கீழே கீழே இறங்கிப் போயிற்று.
நானூறாம் எண் தாளோடு விட்டுவிட்டேன்.

இரும்புக்குக் கைகொடுத்த மரத்தைக்
கோடரிக்காம்பு என்று ஏசுவார்கள்,
இனத்தைக் காட்டிக்கொடுத்ததாம்.
காட்டிக்கொடுக்காமல் நின்றதற்கு
என்ன பெயர் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

நெடுக்கே இரண்டாகப் பிளந்து
புத்தகம் மாதிரி விரித்தேன்.
இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கத்திலும்.
நடுவில் எஃகு,
மர அறுவை ஆலையின் பழைய ரம்பத்தில் வெட்டியது.
மூன்று பித்தளை ஆணி. எபாக்சி காய ஓர் இரவு.
ஆளிவிதை எண்ணெய் நாலு கை.
பள்ளத்தை மட்டும் தொடவில்லை.
அங்கே எனக்கு வேலையே இல்லை.
பயந்த கைகள் இழைத்ததை
எந்த உப்புத்தாள் இழைக்கும்?

கிறிஸ்துமஸுக்கு
ஆல்பர்ட்டாவிலிருந்து கெர்வின் வந்தான்.
முடி கொட்டியிருந்தது, முழங்கால் ஒன்று செயற்கை.
கொட்டகையில் பதினோரு கத்திகள்.
நேராகப் போய் அதை எடுத்தான்.
கட்டைவிரல் பள்ளத்தில் இறங்கியது.
"அளவெடுத்ததுபோல் இருக்கிறதே."
அவன் நின்ற கூண்டு வேறு.
இது அவன் கை படாத மரம்.

"என்ன மரம்?"
"ஓக்."
"எங்கே கிடைத்தது?"
"ஈவர்ட் கொண்டுவந்தான்."
"இந்தக் கறை?"
"ஆணி."
மூன்றும் உண்மை.
வக்கீல்களுக்குத் தெரியும்,
மூன்று உண்மையை அடுக்கி
எவ்வளவு உயரச் சுவர் எழுப்பலாம் என்று.

அவன் மேலே கேட்கவில்லை.
கரைக்குப் போய் இரண்டு ஹாடக் வாங்கி வந்து
அதே கத்தியால் முள்நீக்கினான்.
தோல் ஒரே இழுப்பில் வந்தது, கை மறக்கவில்லை.
உருளைக்கிழங்கு நான் சீவினேன்.
பால், வெங்காயம், கொஞ்சம் உப்புப் பன்றி.

இரண்டு கிண்ணம் வைத்தேன்.
அவன் கரண்டியை எடுத்தவன்
கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
ஆறும்வரைக்கும்.
பிறகு முழுக்கக் குடித்தான்.
ரொட்டியால் வழித்து, அடிவரை.

கத்தியைத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டுவிட்டு
தூங்கப் போய்விட்டான்.
ஓக்கை ஈரத்தில் விடக்கூடாது.
எடுத்துத் துடைத்து
அடுப்பிலிருந்து தள்ளி வைத்தேன்.